அசுவினி தொலையணும்

ஜனவரி 4, ஞாயிறு

பள்ளியில் எல்லா ஆசிரியர்களுக்கும் டைரி கொடுத்தார்கள். மைதானத்தில் விசில் ஊதுகிறவளுக்கு எழுத என்ன இருக்கிறது என்று மூலையில் போட்டிருந்தேன். இன்று கனியக்கா என் கௌரவத்தைச் சீண்டிவிட்டாள். அதனால் எடுத்தேன்.

பால்கனிக் கம்பியில் ஏற்றிவிட்ட அவரை இப்போதுதான் பூ விட ஆரம்பித்திருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் கொழுந்து முழுக்க எள்ளை அள்ளித் தூவியதுபோலக் கறுப்பாகப் பூச்சி. தொட்டால் பிசுபிசுப்பு. படம் எடுத்துக் கோவில்பட்டிக்கு அனுப்பினேன். அக்கா வீட்டில் உளுந்தும் பருத்தியும் போடுகிறார்கள். அடுத்த நிமிடமே ஃபோன் வந்தது.

“ஏட்டி பகவதி, அது அசுவினிட்டி. சாறை உறிஞ்சியே செடியைக் கொன்னுரும். அத்தான்ட்ட சொல்லி மருந்து குடுத்து விடுதேன், வாங்கி அடி.”

“திங்கிற காயில விஷத்தை அடிக்கச் சொல்லுதியா? மாட்டேன்.”

“மருந்தில்லாம நீ ஒரு கூட்டுக்குக் காய் பறிச்சிட்டேன்னா, நான் திருச்செந்தூர்ல போயி மொட்டை போட்டுக்கிடுதேன்.”

அக்காவின் கூந்தல் இடுப்புக்குக் கீழே தொங்கும். இந்த வயதிலும் அதைப் பின்னி முடிக்க அவளுக்கு அரை மணி நேரம் வேண்டும். சரி, பார்த்துவிடுவோம்.

ஜனவரி 6, செவ்வாய்

நேற்றைவிட அதிகம். பூக்காம்பிலும் ஏறிவிட்டது. சனியன்.

ஜனவரி 8, வியாழன்

பள்ளி நூலகத்தில் வேளாண்மைப் புத்தகம் ஒன்று கிடைத்தது. கோ-கோ பயிற்சி நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து வாசித்தேன். பிள்ளைகளுக்கு ஆச்சரியம், டீச்சர் கத்தவே இல்லையே என்று.

அசுவினியைத் தின்பதற்கென்றே பிறவிகள் இருக்கின்றன. பொறிவண்டு, கண்ணாடிச் சிறகுப் பூச்சி, இன்னும் சில. நாம் மருந்து அடித்தால் முதலில் சாவது அவைதானாம். அவற்றைக் கூப்பிடப் பொடிப்பொடியாகப் பூக்கிற செடி வேண்டும். கொத்தமல்லி, சோம்பு, வெந்தயம் எல்லாம் பூக்க விடலாம். கூழாங்கல் போட்ட தட்டில் கொஞ்சம் தண்ணீர். அப்புறம் முக்கியமானது, பொறுமையாக இருந்து கொஞ்சம் அசுவினியையும் விட்டு வைக்க வேண்டுமாம். விருந்தாளியைக் கூப்பிட்டுவிட்டு இலையில் ஒன்றும் வைக்காமல் இருக்க முடியுமா?

பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் ரசத்துக்குக் கிள்ளப்போன கொத்தமல்லியைக் கிள்ளாமல் வந்துவிட்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

பக்கத்து வீட்டுக்கு டிசம்பரில் குடிவந்தவர் இன்று வாயைத் திறந்தார். செங்கோட்டுவேல் என்று பெயர். வங்கி அதிகாரி, சேலத்திலிருந்து மாற்றலாகி வந்திருக்கிறார். அவர் பால்கனிக்கும் என் பால்கனிக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். துணி காயப்போட வந்தவர் என் அவரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“டீச்சர், செடிப்பேன் புடிச்சிருக்குதுங்களே.”

“ஆமா சார். மருந்து அடிக்காம வெரட்டப் பாக்கேன்.”

“எங்கூர்ல கடலைக்காட்டு வரப்புல தட்டப்பயிறு போடுவாங்க. பேனெல்லாம் அதுல போயி உக்காந்துக்குமுங்க. அதைத் திங்கற வண்டும் அங்கயே பெருகுமுங்க.”

சாயங்காலமே ஒரு பிடி தட்டைப்பயறு கொண்டுவந்து சுவர்மேல் வைத்தார். கூடவே அவர் மகளும் வந்தாள். சட்டம் படிக்கிறாள், இருபது வயது இருக்கும். அவர் கூப்பிடுவதோ ‘பாப்பா’. சேலம் பக்கம் பாப்பா பேரன் எடுத்தாலும் பாப்பாதான் போலிருக்கிறது. நானும் பாப்பா என்றே கூப்பிட்டேன், அவளும் சிரித்துக்கொண்டாள். தாய் இல்லாத பிள்ளை. பள்ளிக்கூடம் படிக்கும்போதே அம்மா தவறிவிட்டார்களாம்.

பயறை மூன்று தொட்டிகளில் ஊன்றினேன்.

ஜனவரி 15, பொங்கல்

அவர்கள் வீட்டிலிருந்து அரிசிம்பருப்புச் சாதம் வந்தது, நெய் மணக்க. அவரே சமைத்தாராம். நான் தேங்காய்ப்பாலில் சொதி வைத்துக் கொடுத்தேன். மறுபடி கேட்டதால் கொடுத்தனுப்பிய பாத்திரமும் காலியாகத் திரும்பி வந்தது. சொதி இன்று நன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஊதா நிறச் சேலை கட்டினேன். பண்டிகை அல்லவா.

ஜனவரி 18, ஞாயிறு

வந்துவிட்டது! வந்துவிட்டது!

கொத்தமல்லிப் பூவில் ஒரு பொறிவண்டு. மஞ்சள் முதுகில் கறுப்பாக நெளிநெளிக் கோடு. நான் போட்ட சத்தத்தில் செங்கோட்டுவேல் சார் சவர நுரையோடு ஓடி வந்தார். நான் கீழே விழுந்துவிட்டேன் என்று நினைத்தாராம். என் தொண்டை அப்படி. விசில் மறந்து போன நாளிலும் மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கும்.

இரண்டு பேரும் சுவரில் சாய்ந்துகொண்டு அது அவரைக்குப் பறந்து போவதையும், ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்பதையும் பார்த்தோம். “என்னமா திங்குதுங்க!” என்றார், சொந்தக்காரப் பையன் சாப்பிடுவதைப் பார்க்கிறவர்போல. நுரை காய்ந்தே போய்விட்டது. அவருக்குக் காதோரம் மட்டும்தான் நரை.

ஜனவரி 24, சனி

இலைக்கு அடியில் மஞ்சள் முட்டைகள், கொத்தாக. நல்ல நாள்.

அக்கா கூப்பிட்டபோது இரண்டு கையிலும் மண். ஃபோனைச் சுவர்மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசினேன். எடுத்ததுமே ஆரம்பித்தாள்.

“அந்தச் சேலத்துக்காரரு எப்படிட்டி இருக்காரு?”

“எப்படி இருந்தா உனக்கென்ன?”

“அவரும் ஒத்தையில இருக்காரு. நீயும் ஒத்தையில இருக்க.”

“நீ சும்மா இரு அக்கா. எனக்கு முதல்ல இந்த அசுவினி தொலையணும். மத்ததெல்லாம் அதுக்கு அப்புறந்தான்.”

“அதுக்குத்தான் பிஞ்சுலயே நசுக்கிருன்னு சொன்னேன்.”

“நான் எதுக்குக் கையை அழுக்காக்கணும்? ஆள் ஏற்பாடு பண்ணியாச்சு. சத்தமில்லாம முடிச்சிரும்.”

“சரி, அதுக்கு ஒரு காவக்காரன் உண்டும்லா, அவனை முதல்ல பிரிச்சு விடு. பொத்திப் பொத்தி வளக்கது அவன்தான். அவன் இல்லேன்னா அசுவினி கதை முடிஞ்சிது.”

காவக்காரன் என்றால் எறும்பு. அசுவினி கசியவிடும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காத்து, பொறிவண்டைக் கடித்து விரட்டுமாம். தொட்டிகளின் அடியில் தண்ணீர்த் தட்டு வைத்துவிட்டேன். இனி எறும்பு ஏறட்டும் பார்க்கலாம்.

ஜனவரி 25, ஞாயிறு

காலையில் எழுந்து பார்த்தால் நடுச் சுவருக்கு மேலே நீல நிறத் தார்ப்பாய். உத்தரத்திலிருந்து இழுத்துக் கட்டியிருக்கிறது. வெயிலுக்கு என்றால் வெயில் அந்தப் பக்கத்திலிருந்து வருவதே இல்லை.

ஜனவரி 28, புதன்

லிஃப்டில் பாப்பா. “என்ன பாப்பா, ஆளையே காணோம்” என்றேன். அவள் லிஃப்டின் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. பரீட்சை போல.

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்று நான் ஒரு கொலைகாரி.

அவரை இலையில் கறுப்பும் ஆரஞ்சுமாக, குட்டி முதலை மாதிரி மூன்று புழுக்கள். பார்க்கவே அருவருப்பு. சற்றும் யோசிக்காமல் செருப்பால் தேய்த்தேன். பிறகு புத்தகத்தைப் புரட்டினால் அது பொறிவண்டின் குஞ்சு! பெரிய வண்டைவிட அதுதான் அதிகமாகத் தின்னுமாம். எத்தனை நாள் தவம் இருந்து வரவழைத்த விருந்தாளியின் பிள்ளைகளை நானே நசுக்கிவிட்டேன்.

அழுதுவிட்டேன். பூச்சிக்காகத்தான் அழுதேனா என்று தெரியவில்லை. தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் வாளிச் சத்தம் கேட்டது. ‘சார், இங்க பாருங்களேன்’ என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

நல்ல வேளை, வேறு இலைகளில் இன்னும் நிறையக் குஞ்சுகள் இருக்கின்றன.

பிப்ரவரி 5, வியாழன்

நான் என்ன செய்தேன்? எறும்பு அவர்கள் பக்கம் போய்விட்டதோ? பிசுபிசுப்பு அவர் சட்டையில் ஒட்டியிருக்குமோ? ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை இன்று காரணமில்லாமல் மூன்று சுற்று ஓடவிட்டேன். பாவம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மானம் மரியாதையை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, சொதி வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அவர்தான் கதவைத் திறந்தார், அதுவும் பாதி.

“வேண்டாமுங்க டீச்சர்.”

“சார், எங்க பூச்சியால உங்களுக்கு ஏதும் தொந்தரவா? சொன்னாத்தானே தெரியும்?”

“தெரியாத மாதிரி கேக்கறீங்களே. என்னை என்ன வேணா சொல்லியிருக்கலாமுங்க. புள்ளை நாலு நாள் சாப்பிடவே இல்லைங்க.”

கதவு மூடிக்கொண்டது. சொதியை நானே குடித்தேன். உப்பு அதிகமாக இருந்தது.

பிப்ரவரி 11, புதன்

வாட்ச்மேன் சொன்னார், 3பி சார் வேறு வீடு பார்க்கிறாராம். மாதக் கடைசியில் காலி செய்துவிடுவாராம்.

தட்டைப்பயறில் இப்போதுதான் அசுவினி மொய்க்கிறது, அவர் சொன்னபடியே. வண்டுகளும் அங்கே போகின்றன. காட்டுவதற்கு ஆளில்லை. இந்த வீட்டுக்குக் குடிவந்த காலம் தொட்டுத் தனியாகத்தான் இருக்கிறேன். ஒரு நாளும் வீடு இப்படிப் பெரிதாகத் தெரிந்ததில்லை.

பிப்ரவரி 14, சனி

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

பதினோரு மணிக்கு அழைப்பு மணி. கூரியர்காரர். “மேடம், பக்கத்து வீட்டுல யாருமில்ல. இந்தப் பார்சலை வாங்கி வச்சுக்கிடுதீங்களா? சேலம் பொண்ணு, அஸ்வினின்னு.”

“யாரு?”

“செ. அஸ்வினி, 3பி. அந்த வக்கீலுக்குப் படிக்கிற பொண்ணு.”

பார்சலை வாங்கிக்கொண்டு அப்படியே செருப்பு ஸ்டாண்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு நடுச் சுவர்மேல் ஃபோனை வைத்து ஸ்பீக்கரில் பேசியது ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது. அசுவினி தொலையணும். பிஞ்சிலேயே நசுக்கு. ஆள் ஏற்பாடு பண்ணியாச்சு. காவல்காரனைப் பிரித்துவிடு. ஐயோ, கடவுளே! அதுவும் ‘அவரும் ஒத்தையில இருக்காரு’ என்று அக்கா சொன்ன மறு வாக்கியத்திலேயே! பெற்ற தகப்பன் காதில் இது எப்படி விழுந்திருக்கும்? தாயில்லாப் பிள்ளையை ஒழித்துவிட்டு அந்த வீட்டுக்குள் நுழையப் பார்க்கிற சண்டாளி என்று!

லிஃப்ட் சத்தம் கேட்டது. அவர்கள் வந்துவிட்டார்கள். நான் பால்கனிக்கு ஓடி, தட்டைப்பயறுத் தொட்டி ஒன்றை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அவர்கள் வாசலில் நின்றேன். நைட்டி, மண் கை, தலையில் சருகு. பாப்பாதான் கதவைத் திறந்தாள்.

“உன் பேரு அஸ்வினியா?”

“தெரியாத மாதிரி கேக்கறீங்க, மிஸ்.”

“சத்தியமாத் தெரியாதும்மா! எனக்கு நீ பாப்பா! இதுதான் அசுவினி!” என்று தொட்டியை அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன். “இந்தா பாரு, இந்தக் கறுப்பா இருக்கே, இதுதான்! இதைத்தான் தொலைக்கணும்னு சொன்னேன்!”

அவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். “இதுங்களா? இது செடிப்பேனுங்களே.”

“உங்க ஊர்ல செடிப்பேன் சார்! எங்க ஊர்ல அசுவினி!”

நான் போட்ட சத்தத்தில் நான்காவது மாடியில் இரண்டு கதவுகள் திறந்தன.

பாப்பா தொட்டியையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அவளுக்குள் இருந்த வக்கீல் இன்னும் விடவில்லை. “ஆள் ஏற்பாடு பண்ணியாச்சுன்னீங்களே?”

“இந்தா, இந்தப் பொறிவண்டு.”

“காவக்காரன்?”

“எறும்பு!”

“அப்பா,” என்றாள் அவள், “உங்களை எறும்புன்னு...” அதற்குமேல் பேச முடியவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். கொலை மிரட்டல் என்று புகார் மனுவே தயாராக எழுதி வைத்திருந்தாளாம். அப்பாதான் ‘டீச்சரைப் பார்த்தா அப்படித் தெரியலையே’ என்று அதைக் கொடுக்கவிடாமல் தடுத்தாராம். தடுத்தாராம்! இதை எழுதும்போது எனக்கு மூக்கு அடைக்கிறது.

நானும் தரையில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் சுடிதார் முழுக்க மண். இருவரையும் பார்த்துக்கொண்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

பாப்பா எனக்குத் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். அவர் தொட்டியைப் பார்த்தபடியே கேட்டார்:

“டீச்சர், அசுவினி தொலையணும், மத்ததெல்லாம் அப்புறம்னு சொன்னீங்களே. அந்த மத்தது என்னங்க?”

குக்கர் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். குக்கர் எதுவும் வைக்கவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

தார்ப்பாய் இல்லை. அது இருந்த இடத்தில் அவர் நின்றுகொண்டு, வண்டு எங்கே எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். வீடு மாறும் பேச்சும் இல்லையாம். தொட்டியைத் திருப்பித் தந்தார். வாங்கும்போது இரண்டு பேருமே தரையைப் பார்த்தோம். எனக்கு நாற்பத்தாறு வயது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இப்படிச் செய்தால் மைதானத்தில் நிற்கவைத்து விடுவேன்.

பிப்ரவரி 19, வியாழன்

புழுக்கள் எல்லாம் கூடு கட்டி வண்டாகிவிட்டன. அவரைக் கொழுந்து பச்சையாக, சுத்தமாக. பூவெல்லாம் பிஞ்சு.

பிப்ரவரி 22, ஞாயிறு

காய் பறித்தேன். ஒரு கூட்டுக்கு என்ன, மூன்று வீட்டுக் கூட்டுக்குக் காணும். அக்காவுக்கு வீடியோவில் காட்டினேன். மொட்டையைப் பற்றிக் கேட்டால் அவளுக்குத் திடீரென்று தலைவலியாம். நுனியில் ஓர் அங்குலம் வெட்டிக்கொள்வதாகப் பேரம் பேசுகிறாள்.

பிறகு மெதுவாகக் கேட்டாள்: “ஏட்டி, அவரை பிடிச்சிருக்கா?”

“நல்லாப் பிடிச்சிருக்கு அக்கா. கொத்துக் கொத்தா.”

“நான் காயைக் கேக்கல.”

குக்கர் வைத்திருக்கிறேன் என்று ஃபோனை வைத்துவிட்டேன். அக்காவும் திரும்பக் கூப்பிடவில்லை. நான் பாதிப் பேச்சில் ஃபோனை வைத்ததே இல்லை என்பதால் அவளுக்குப் புரிந்திருக்கும்.

இதில் யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன். கல்யாணம் தட்டிப் போன காலத்தில் ‘எனக்கு நேரமில்லை, டீம் இருக்கிறது’ என்று எல்லோரிடமும் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. காயை அல்ல, செங்கோட்டுவேலை. அவர் பேசாமல் இருந்த அந்த மூன்று வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அந்தப் பெண் என்ன நினைப்பாள்? அவள் அம்மா இருந்த இடம் அது. ஒரு தடவை தெரியாமல் அவளை அழவைத்துவிட்டேன். தெரிந்தே செய்ய மாட்டேன். அவளுக்கு இஷ்டமில்லை என்றால் இந்தப் பேச்சு இத்தோடு சரி.

மார்ச் 1, ஞாயிறு

காலை பத்து மணிக்குக் கதவு தட்டியது. பாப்பா நின்றாள். பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். கையில் ஒரு பெரிய பித்தளைத் தட்டு. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், குங்குமம், தேங்காய், மேலே ஒரு முழம் பிச்சிப்பூ.

“எங்கம்மா போற இப்படி?” என்றேன்.

“இங்கதாங்க. நான் மாப்பிள்ளை வீட்டுக்காரி. பொண்ணு கேட்டு வந்திருக்கேன்.”

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவள் உள்ளே வந்து, பெரிய மனுஷி மாதிரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“எங்கப்பாவுக்கு நல்லா சமைக்கத் தெரியுமுங்க. பேசத்தான் தெரியாது. பத்து நாளா அந்தச் சுவத்துக்கிட்டயே நின்னுட்டுத் திரும்பி வர்றாரு. அதான் நானே கெளம்பிட்டேன். குறட்டை விடுவாருங்க, முன்னாடியே சொல்லிடறேன். அப்புறமா மறைச்சு ஏமாத்திட்டோம்னு கேஸ் போடக் கூடாது.”

எனக்குச் சிரிப்பு வந்தது.

“பாப்பா, உனக்கு...”

“இது எங்கம்மா சேலைங்க மிஸ்,” என்றாள், முந்தானையைத் தடவிக்கொண்டு. “காலையில அம்மா போட்டோ முன்னாடி நின்னு சொல்லிட்டுத்தான் எடுத்துக் கட்டினேன். நீங்க அன்னிக்கு மண்ணோட வந்து என்னைக் கட்டிப் புடிச்சீங்களே, அப்பவே முடிவு பண்ணிட்டேன். எங்கப்பா தனியா இருக்கக் கூடாது. நான் நாளைக்குப் படிச்சு முடிச்சு எங்கயோ போயிடுவேன்.” தட்டில் பூவைச் சரிசெய்துகொண்டே சொன்னாள், “எனக்கும் ஊருக்கு வந்தா திட்டறதுக்கு ஒரு ஆளு வேணுங்க.”

பால்கனிக் கதவு திறந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர், செடியே இல்லாத தன் பால்கனியில், பூவாளியால் தரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“பொண்ணு வீட்டுப் பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா, பேசறதுக்கு?” என்று கேட்டாள் பாப்பா, முகத்தைக் கண்டிப்பாக வைத்துக்கொண்டு.

“அக்கா கோவில்பட்டியில இருக்கா. இப்போதைக்கு இந்த வீட்டுல நான் ஒருத்திதான்.”

“அப்போ நீங்களே சொல்லுங்க.”

வாழ்நாளில் முதல் தடவையாக என் குரல் எனக்கே கேட்கவில்லை. “சம்மதம்” என்றேன். அந்தப் பக்கம் பூவாளி விழுந்து உருண்டது.

கிட்டே போய்த் தட்டை வாங்கிக்கொண்டேன். தட்டு நல்ல கனம். அஸ்வினி அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.